ஒரகடத்தில் வேலை பார்க்கும் வெளிநாட்டு இன்ஜினீயர், பக்கத்து கம்பெனிக்கு மாற முடியுமா?

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் ரூட்டில் தினமும் கம்பெனி பஸ்ஸில் போய் வருபவர்களுக்கு, கொரிய எழுத்தில் போர்டு மாட்டிய ஹோட்டல் ஒன்றும் புதுசு இல்லை. 1996-ல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998-ல் அங்கிருந்து கார் வெளியே வர ஆரம்பித்தது. அதன் பின்னாலேயே உதிரி பாகம் செய்யும் கொரிய கம்பெனிகளும் வரிசையாக வந்தன. பிறகு ஜப்பான், ஜெர்மனி, பிரான்ஸ், தைவான் என்று பட்டியல் நீண்டது. இன்று இந்தப் பகுதியில் பல ஆலைகளில் லைன் மேனேஜராகவோ, குவாலிட்டி ஹெட்டாகவோ, மோல்டு டிசைனராகவோ ஒரு வெளிநாட்டவர் இருப்பார்.

அவர் இப்போதைய கம்பெனியை விட்டு, இரண்டு தெரு தள்ளி இருக்கும் வேறு கம்பெனிக்குப் போக நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாம் என்றால் என்ன செய்வோம்? பேப்பர் போடுவோம், நோட்டீஸ் பீரியட் ஓட்டுவோம், ரிலீவிங் லெட்டர் வாங்குவோம், திங்கட்கிழமை புது கேட்டில் ஐ.டி கார்டு வாங்கிவிடுவோம். அவரால் அப்படி முடியாது. அவசரப்பட்டால் அவருக்கு ஜெயில் வரைக்கும் போகக்கூடிய விஷயம் இது. அவரை வேலைக்கு எடுத்த கம்பெனியின் ஹெச்.ஆர் டேபிளுக்கும் பிரச்னை வரும்.

விதி என்ன, விலக்கு என்ன, சரியான வழி என்ன? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அவர் கையில் என்னென்ன பேப்பர் இருக்கும்?

முதலில் எம்ப்ளாய்மென்ட் விசா. இந்தியாவில் சம்பளத்துக்கு வேலை பார்க்க வரும் வெளிநாட்டவருக்குத் தருவது இது. மீட்டிங், கொள்முதல், தொழில் வாய்ப்பு பார்ப்பது போன்றவற்றுக்குத் தரும் பிசினஸ் விசா வேறு. அதை வைத்துக்கொண்டு இங்கே வேலையில் சேர முடியாது.

எம்ப்ளாய்மென்ட் விசா எல்லோருக்கும் கிடைத்துவிடாது. ஆண்டுக்கு 16.25 லட்சம் ரூபாய்க்கு மேல் சம்பளம் இருக்க வேண்டும். சாதாரண வேலைக்கோ, கிளார்க் வேலைக்கோ, இந்தியர்கள் போதுமான அளவில் கிடைக்கும் வேலைக்கோ தர மாட்டார்கள். சம்பள வரம்பில் சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு: தங்கள் நாட்டுச் சமையல் செய்யும் சமையல்காரர்கள், ஆங்கிலம் தவிர்த்த மொழி ஆசிரியர்கள் மற்றும் மொழிபெயர்ப்பாளர்கள், தூதரக ஊழியர்கள். ஸ்ரீபெரும்புதூர் கொரிய ஹோட்டலில் கொரிய மாஸ்டரைப் பார்த்தால், அவர் பெரும்பாலும் இந்த விலக்கில் வந்தவராக இருப்பார்.

இரண்டாவது, ரெசிடென்ஷியல் பர்மிட். சுருக்கமாக ஆர்.பி. விசா 180 நாளுக்கு மேல் என்றால், வந்து இறங்கிய 14 நாளுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ எனப்படும் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். இந்தப் பகுதிக்கு அது சென்னை அலுவலகம். 2018 முதல் பெரும்பாலான வேலைகள் இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ என்ற ஆன்லைன் தளத்திலேயே முடிகின்றன. பதிவு, விசா நீட்டிப்பு, முகவரி மாற்றம், வெளியேறும் அனுமதி எல்லாமே அதில்தான்.

நிறைய பேர் குழப்பிக்கொள்ளும் இடம் இதுதான். 'ஆர்.பி இருக்கே, இன்னும் ஒரு வருஷம் வேலிடிட்டி இருக்கே, அப்புறம் என்ன?' என்று கேட்பார்கள். ஆர்.பி என்பது இங்கே தங்குவதற்கான அனுமதி. எந்த கம்பெனியில் வேலை பார்க்கலாம் என்பதைத் தீர்மானிப்பது விசா. அந்த விசா ஒரு குறிப்பிட்ட கம்பெனியின் பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது. கம்பெனியை விட்டு வெளியே வந்தால், கையில் இருக்கும் ஆர்.பி-யில் தேதி மிச்சம் இருந்தாலும் அதற்கான அடிப்படை போய்விடும்.

அப்போ, மாற முடியுமா முடியாதா?

பொதுவான பதில்: இந்தியாவுக்குள் இருந்துகொண்டே மாற முடியாது. எம்ப்ளாய்மென்ட் விசாவின் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது, இந்த மண்ணில் இருந்தபடியே வேலை தருபவரை மாற்ற உள்துறை அமைச்சகத்தின் விதி அனுமதிப்பதில்லை.

ஒரு முக்கியமான விலக்கு உண்டு. பதிவு செய்யப்பட்ட தாய் நிறுவனத்திலிருந்து அதன் துணை நிறுவனத்துக்கோ, துணை நிறுவனத்திலிருந்து தாய் நிறுவனத்துக்கோ, ஒரே தாய் நிறுவனத்தின் இரண்டு துணை நிறுவனங்களுக்கு இடையிலோ மாறலாம். அதுவும் மூத்த நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் அல்லது தொழில்நுட்ப நிபுணர் என்ற அளவில் இருப்பவருக்குத்தான். முன் அனுமதி வாங்கிய பிறகுதான் மாற வேண்டும். முதலில் மாறிவிட்டு, பிறகு தகவல் சொல்வது சட்டப்படி செல்லாது.

'ரெண்டுமே கொரியா கம்பெனிதானே?'

இந்தக் கேள்வியை இந்தப் பகுதி ஹெச்.ஆர் டீம்கள் அடிக்கடி சந்திக்க நேரிடும். ஒரு பெரிய கார் கம்பெனியைச் சுற்றி அதற்கு சீட், லைட், வயரிங், பம்பர் செய்து தரும் வெண்டர் கம்பெனிகள் இருபது முப்பது இருக்கும். முதலாளிகள் ஒரே நாட்டுக்காரர்கள். ஒரே கேன்டீனில் சாப்பிடுபவர்கள். ஆனால் சட்டத்தின் கண்ணில் வெண்டர் வேறு, வாடிக்கையாளர் வேறு. ஒருவர் மற்றவரின் துணை நிறுவனம் கிடையாது.

போர்டில் ஒரே பிராண்ட் பெயர் இருந்தாலும் போதாது. 2013-ன் கம்பெனிகள் சட்டப்படி, ஒரு நிறுவனத்தின் இயக்குநர் குழுவைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும், அல்லது வாக்குரிமையில் பாதிக்கு மேல் கையில் இருக்க வேண்டும். அப்போதுதான் அது துணை நிறுவனம். பெரிய வெளிநாட்டுக் குழுமங்களில் ஒரே பெயரைப் பயன்படுத்தும் கம்பெனிகள் ஒன்றில் ஒன்று சிறு பங்கு வைத்திருப்பது சகஜம். அது 'குரூப் கம்பெனி' என்று பேச்சுவழக்கில் சொல்லப்படலாம். விசா விதி கேட்கும் தாய் – துணை உறவு அதில் இருக்கிறதா என்பதைப் பங்கு விவரப் பட்டியலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஒரகடத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. 2010-ல் திறக்கப்பட்ட ரெனோ – நிசான் கார் ஆலையில் நிசானிடம் இருந்த 51% பங்குகளை 2025-ல் ரெனோ வாங்கியது. ஆலை அதே இடத்தில்தான் இருக்கிறது, லைன் அதேதான். ஆனால் அந்த ஆலை இனி நிசானின் துணை நிறுவனம் இல்லை. இப்படி உரிமையாளர் மாறும்போது, அதே நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் தொடரும் வெளிநாட்டவர் வேலை தருபவரை மாற்றியதாக ஆகாது. நிறுவனம் அதேதானே. ஆனால் அங்கிருந்து பழைய உரிமையாளரின் வேறொரு கம்பெனிக்குப் போக நினைத்தால், தாய் – துணை என்ற பாலம் அங்கே இல்லை. பங்கு கை மாறும் தேதிக்கு முன்பே இதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

விலக்கில் வராதவர் என்ன செய்ய வேண்டும்?

வழி இருக்கிறது. கொஞ்சம் சுற்று அதிகம், அவ்வளவுதான்.

1. புது கம்பெனி ஆஃபர் தரும்போதே, 'புதிய எம்ப்ளாய்மென்ட் விசா கிடைத்த பிறகே பணியில் சேர வேண்டும்' என்று எழுதித் தர வேண்டும். சேரும் தேதியில் தாராளமாக இடைவெளி விட வேண்டும்.

2. பழைய கம்பெனியில் முறையாக ராஜினாமா, நோட்டீஸ் பீரியட், செட்டில்மென்ட், ரிலீவிங் லெட்டர். வேலை முடிந்த தகவலை எஃப்.ஆர்.ஆர்.ஓ-வுக்கும் தெரியப்படுத்த வேண்டும்.

3. விசா காலம் இருக்கும்போதே நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். காலம் தாண்டிவிட்டால் எக்ஸிட் பர்மிட் வாங்காமல் விமானம் ஏற முடியாது.

4. சொந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில், புது கம்பெனியின் ஒப்பந்தத்தோடு புதிதாக விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

5. திரும்பி வந்து 14 நாளுக்குள் மறுபடி பதிவு. புது ஆர்.பி.

'எதுக்கு சியோல் வரைக்கும் போகணும்? பக்கத்துல கொழும்பு போய் ஸ்டாம்ப் அடிச்சிட்டு வந்தா ஆகாதா?' என்று ஐடியா தருபவர்கள் இருப்பார்கள். ஆகாது. எம்ப்ளாய்மென்ட் விசாவை சொந்த நாட்டில் வாங்க வேண்டும். அல்லது 2 ஆண்டுக்கு மேல் நிரந்தரமாக வசிக்கும் நாட்டில் வாங்கலாம். டூரிஸ்ட் விசாவில் வந்துவிட்டு இங்கே எம்ப்ளாய்மென்ட்டாக மாற்றிக்கொள்ளலாம் என்ற கணக்கும் பொதுவாக ஓடாது.

இடையில் 'சும்மா வந்து ட்ரெயினிங் மட்டும்' கொடுத்தால்?

இங்கேதான் ஆபத்து. விசா இன்னும் பழைய கம்பெனி பெயரில் இருக்கும்போது, புது கம்பெனி ஷாப் ஃப்ளோரில் நின்று வேலை சொல்லிக் கொடுப்பது விசா நிபந்தனை மீறல்தான். சம்பளம் அடுத்த மாதம்தான் ஆரம்பிக்கிறது என்பது பதில் ஆகாது.

2025 செப்டம்பர் 1 முதல் இந்தியாவில் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 1946-ன் வெளிநாட்டினர் சட்டம் உள்ளிட்ட நான்கு பழைய சட்டங்களின் இடத்தில் வந்தது இது. விசா காலம் முடிந்தும் தங்கினாலோ, விசா நிபந்தனையை மீறினாலோ 3 ஆண்டு வரை சிறை, அல்லது 3 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அதில் இருக்கிறது. வழக்கு வராவிட்டாலும், நாட்டை விட்டு வெளியேறச் சொல்லலாம், அடுத்த முறை விசா மறுக்கலாம்.

கம்பெனிக்கும் பொறுப்பு உண்டு. விசாவுக்காக இந்திய நிறுவனம் எழுதித் தரும் உறுதிமொழியில், அந்த வெளிநாட்டவர் இங்கே இருக்கும் வரை அவருடைய நடத்தைக்கும், விசா முடிந்ததும் அவர் திரும்பிப் போவதற்கும் தானே பொறுப்பு என்று ஒப்புக்கொள்கிறது. அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவது பல இடங்களில் வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆன ஒரு ஹெச்.ஆர் எக்ஸிக்யூட்டிவ். 'மேனேஜர் சொன்னார், போட்டேன்' என்பது பிறகு உதவாது. படித்துவிட்டுப் போடுங்கள்.

குடும்பம், பி.எஃப் என்ன ஆகும்?

கூட வந்த மனைவி அல்லது கணவர், குழந்தைகளின் விசா இவருடைய விசாவோடு ஒட்டியது. இவர் விசா முடிந்தால் அதுவும் முடியும். பள்ளியில் படிக்கும் பிள்ளை இருந்தால், கம்பெனி மாறும் தேதியை ஆண்டுத் தேர்வு முடியும் தேதியோடு பொருத்திப் பார்ப்பது நல்லது. வாடகை வீட்டு உரிமையாளரும் கவனிக்க வேண்டும். வெளிநாட்டவரைத் தங்க வைப்பவர் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் தர வேண்டும் என்ற விதி உண்டு.

பி.எஃப் இன்னொரு சிக்கல். கொரியாவோடு 2011 முதலும், ஜப்பானோடு 2016 முதலும் இந்தியாவுக்கு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் நடைமுறையில் உள்ளது. தாய்நாட்டு கம்பெனி இங்கே அனுப்பி வைத்தவர், அங்கே சந்தா கட்டுவதற்கான சான்றிதழைக் காட்டினால் இங்கே பி.எஃப் பிடிக்கத் தேவையில்லை. அந்தச் சான்றிதழ் அவரை அனுப்பிய கம்பெனியை வைத்துத் தருவது. அவர் அந்த வேலையை விட்டு இங்குள்ள வேறு கம்பெனியில் நேரடியாகச் சேர்ந்தால் அது உதவாது. பி.எஃப் பிடித்தம் ஆரம்பிக்கும். கைக்கு வரும் சம்பளம் ஆஃபரில் பார்த்ததை விடக் குறைவாக இருக்கும். சீனா, தைவான் போன்ற இடங்களோடு இப்படி ஒப்பந்தம் இல்லை. அங்கிருந்து வந்தவர் பி.எஃப் பணத்தை எடுக்க பொதுவாக 58 வயது வரை காத்திருக்க வேண்டும்.

இந்த விதி யாருக்குப் பொருந்தாது?

நேபாளம், பூடான் குடிமக்களுக்கு இந்தியாவில் வேலை பார்க்க விசாவே தேவையில்லை. நேபாளத்துக்கு இதன் அடிப்படை 1950-ல் கையெழுத்தான நட்பு ஒப்பந்தம். எனவே கம்பெனி மெஸ்ஸில் சமைக்கும் நேபாளத் தம்பி, கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணன் இவர்கள் நாளைக்கே வேறு இடத்தில் சேரலாம். பெரிய சம்பளம் வாங்கும் பிளான்ட் ஹெட்டுக்கு இல்லாத சுதந்திரம் இது.

ஓ.சி.ஐ அட்டை வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் கட்டு இல்லை. மலேசியா, இங்கிலாந்து, அமெரிக்க பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர் ஓ.சி.ஐ அட்டையோடு வந்தால், தனியார் கம்பெனியில் எம்ப்ளாய்மென்ட் விசா இல்லாமலே வேலை பார்க்கலாம், மாறலாம். சில துறைகளுக்கு மட்டும் தனி அனுமதி தேவை.

ஏன் இவ்வளவு கட்டுப்பாடு?

அரசின் கணக்கு எளிது: 'இந்தத் திறமை இங்கே கிடைக்கவில்லை, இந்த கம்பெனிக்கு இவர் வேண்டும்' என்று சொன்னதால்தான் விசா கொடுத்தோம். அந்தத் தேவை முடிந்தால் விசாவும் முடிந்தது. வெளிநாட்டவர் இங்கே வந்து பொதுவான வேலைச் சந்தையில் போட்டி போடக் கூடாது என்பது நோக்கம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வேலையை விட்டால் வீட்டையும் ஊரையும் சேர்த்து விட வேண்டும் என்ற நிலையில் இருப்பவர், முதலாளியோடு சம்பளம் பற்றிச் சமமாகப் பேச முடியாது. ஓவர்டைம், வாக்குறுதி மீறல் எதையும் எதிர்த்துக் கேட்கத் தயங்குவார். கம்பெனி மூடினால் நிலைமை இன்னும் மோசம். 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியபோது நம்ம ஊர்த் தொழிலாளர்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அவர்கள் அதே ஊரில் இருந்துகொண்டே அடுத்த வேலை தேட முடிந்தது. எம்ப்ளாய்மென்ட் விசாவில் இருப்பவருக்கு அந்த அவகாசமும் இல்லை.

வளைகுடாவில் வேலை பார்த்த அப்பா, மாமா உள்ள குடும்பங்களுக்கு இது கேட்ட கதையாக இருக்கும். 'கஃபாலா' என்று நாம் குறை சொல்லும் முறையின் அடிப்படையும் ஒரே முதலாளியோடு விசாவைக் கட்டுவதுதான். வித்தியாசமும் இருக்கிறது: இங்கே நாட்டை விட்டுப் போக முதலாளியின் அனுமதி தேவையில்லை. இங்கே வருபவர் பெரும்பாலும் நல்ல சம்பளக்காரர்.

நாம் வெளிநாடு போனால்?

ஒரகடத்தில் இரண்டு வருஷம் அனுபவம் எடுத்துவிட்டு ஜெர்மனி, ஜப்பான், துபாய் என்று பார்ப்பவர்கள் நிறைய. அங்கே விதி எப்படி?

ஜப்பான்: இன்ஜினீயர் பிரிவு விசாவில் இருப்பவர் அதே வகை வேலைக்கு கம்பெனி மாறலாம். 14 நாளுக்குள் குடியேற்றத் துறைக்குத் தகவல் தந்தால் போதும். ஒரகடத்தில் உள்ள ஜப்பானியருக்கு இல்லாத வசதி, அங்கே உள்ள தமிழருக்கு உண்டு.

ஜெர்மனி: ப்ளூ கார்டு வைத்திருப்பவர் முதல் 12 மாதத்துக்குள் மாறினால் அதிகாரிகளிடம் சொல்ல வேண்டும். அவர்கள் 30 நாள் வரை நிறுத்தி வைத்துப் பரிசீலிக்கலாம். 12 மாதம் தாண்டினால் இந்தத் தடை இல்லை.

ஐக்கிய அரபு அமீரகம்: 2022 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தொழிலாளர் சட்டப்படி நோட்டீஸ் காலம் 30 முதல் 90 நாள். ப்ரொபேஷனில் இருக்கும்போது அங்கேயே வேறு கம்பெனிக்குப் போனால் ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும். பழைய கம்பெனி உங்களை எடுக்கச் செலவழித்ததைப் புது கம்பெனி ஈடு செய்ய வேண்டியிருக்கும்.

கத்தார்: 2020 முதல் பழைய முதலாளியின் என்.ஓ.சி தேவையில்லை. வேலை பார்த்த காலம் 2 ஆண்டு வரை என்றால் ஒரு மாதம், அதற்கு மேல் என்றால் இரண்டு மாதம் நோட்டீஸ்.

சிங்கப்பூர்: எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்றால் புது கம்பெனி புதிதாக விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும்.

அமெரிக்கா: எச்-1பி விசாவில் இருப்பவருக்குப் புது கம்பெனி மனு தாக்கல் செய்தாலே அங்கே வேலையைத் தொடங்கலாம். வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம்.

கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

நீங்கள் ஹெச்.ஆரில் இருந்தால்: வெளிநாட்டு விண்ணப்பதாரரின் விசாவில் யாருடைய பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். இரண்டு கம்பெனிகளுக்கும் தாய் – துணை உறவு இருப்பதாகச் சொன்னால், அதற்கான பங்கு விவரத்தைக் கேளுங்கள். அனுமதிக் கடிதம் கைக்கு வரும் வரை அவருக்கு கேட் பாஸ், மெயில் ஐ.டி, பைக் பார்க்கிங் கூடத் தர வேண்டாம். அவருடைய பாஸ்போர்ட்டை கம்பெனி லாக்கரில் வாங்கி வைக்காதீர்கள். அது அவர் நாட்டு அரசின் சொத்து. விசாவை இங்கேயே நீட்டிக்கலாம் என்றாலும், முதல் விசா தந்த நாளிலிருந்து கணக்கிடும் ஓர் உச்சவரம்பு உண்டு. எத்தனை ஆண்டு ஓடியிருக்கிறது என்று கணக்குப் போடுங்கள்.

நீங்கள் அவருடன் வேலை பார்ப்பவராக இருந்தால்: 'பக்கத்து கம்பெனியில் கூப்பிடுகிறார்கள், அடுத்த வாரம் போகிறேன்' என்று டீ பிரேக்கில் அவர் சொன்னால், விசா யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். விதிகள் இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ தளத்திலும் உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்திலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அவ்வப்போது மாறவும் செய்யும். அதனால் ராஜினாமா மெயில் அனுப்புவதற்கு முன், அன்றைய தேதியில் என்ன விதி என்று சென்னை எஃப்.ஆர்.ஆர்.ஓ-விடமோ, இதில் அனுபவமுள்ள வழக்கறிஞரிடமோ உறுதி செய்துகொள்ளச் சொல்லுங்கள். மெயில் போன பிறகு கேட்டால், பதில் பெரும்பாலும் விமான டிக்கெட்டாகத்தான் இருக்கும்.